நாள் நீளத் தொடங்குகிறது: சொந்த வளவில் முதற் பொங்கல்

“வீடு இன்னும் கட்டி முடியவில்லை. இந்த முறை பொங்கலை எங்கே பொங்குவது?” மார்கழி பிறந்ததும் மீள்குடியேறிய குடும்பங்களுக்குள் எழும் கேள்வி இது. 1990 ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறிய நாளிலிருந்து உறவினர் வீட்டிலும், வாடகைக் காணியிலும், கோணப்புலம், சபாபதிப்பிள்ளை போன்ற நலன்புரி நிலையங்களிலும் பொங்கியவர்கள் நீங்கள். இப்போது சொந்த வளவு கைக்கு வந்திருக்கிறது. ஆனால் அங்கே கூரை இல்லை, வேலி இல்லை. சில இடங்களில் முற்றம் எது, பின்வளவு எது என்றே தெரியவில்லை.

பொங்கலுக்குக் கூரை தேவையில்லை. அது எப்போதும் முற்றத்தில், வெளிச்சத்தில் செய்யும் காரியம். ஆகவே உங்கள் வளவிலேயே பொங்கலாம். அடுப்பு மூட்டுவதற்கு முன் சில விடயங்களை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.

சூரியன் எப்போது திரும்புகிறது?

ஆண்டின் மிகக் குறுகிய பகல் டிசம்பர் 21 அல்லது 22 ஆம் திகதி வருகிறது. அன்று யாழ்ப்பாணத்தில் பகல் ஏறத்தாழ பதினொன்றரை மணி நேரம். ஜூன் 21 அளவில் அது பன்னிரண்டரை மணி நேரத்தைச் சற்றுத் தாண்டும். குளிர் நாடுகளில் இருக்கும் உங்கள் உறவினர்களுக்கு இந்த வேறுபாடு பல மணி நேரம்; நமக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல்தான். நாம் பூமியின் நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதே காரணம்.

அந்த நாளுக்குப் பிறகு சூரியன் உதிக்கும் இடம் சிறிது சிறிதாக வடக்கு நோக்கி நகர்கிறது. இதையே உத்தராயணம் என்கிறோம். அப்படியானால் தைப்பொங்கல் ஏன் ஜனவரி 14 அல்லது 15 இல் வருகிறது என்று பிள்ளைகள் கேட்கக்கூடும். நமது பஞ்சாங்கம் சூரியன் மகர ராசிக்குள் நுழையும் நாளைத் தை முதல் நாளாகக் கொள்கிறது. சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் இந்த இரண்டும் ஏறக்குறைய ஒரே நாளில் நிகழ்ந்தன. பூமியின் அச்சு மிக மெதுவாகச் சுழன்று திசை மாறுவதால் ஏறத்தாழ 72 ஆண்டுகளுக்கு ஒரு நாள் என்ற கணக்கில் விலகி, இன்று மூன்று வாரத்துக்கு மேல் இடைவெளி வந்துவிட்டது. ஆகவே நீங்கள் பொங்கும்போது பகல் ஏற்கெனவே நீளத் தொடங்கியிருக்கும்.

நமது ஊரில் வெளிச்சத்தை எதிர்பார்ப்பது பொங்கலன்று மட்டும் நடப்பதல்ல. மார்கழியில் விடியுமுன் எழும்பித் திருவெம்பாவைக்குப் போவது சைவக் குடும்பங்களின் வழக்கம். 1816 இல் அமெரிக்க மிசன் காலூன்றிய தெல்லிப்பழையில் கிறிஸ்தவக் குடும்பங்களும் தலைமுறைகளாக வாழ்ந்தன. அவர்களுடைய நத்தாரும் குறுகிய பகலுக்கு மூன்று நான்கு நாள் பின்னரே வருகிறது.

காலை ஏன் இன்னும் இருட்டாக இருக்கிறது?

நாள் நீண்டாலும் காலையில் அது உடனே தெரியாது. டிசம்பர் 22 அளவில் சூரியன் காலை 6.20 அளவில் உதிக்கிறது. பொங்கலன்று 6.30 அளவில்தான் உதிக்கிறது. பெப்ரவரி நடுப்பகுதி வரை இந்த நேரம் அதிகம் மாறாது. கூடும் வெளிச்சம் மாலையில் சேர்கிறது. நவம்பர் நடுப்பகுதியில் 5.45 அளவில் மறைந்த சூரியன் பொங்கலன்று 6.05 அளவிலும், பெப்ரவரி நடுப்பகுதியில் 6.15 தாண்டியும் மறைகிறது.

மின்சாரம் இன்னும் வராத வளவில் இருப்பவர்களுக்கு இது பயன்படும். தை மாதத்தில் பிள்ளைகளின் படிப்பையும் வீட்டு வேலையையும் மாலை வெளிச்சத்தில் முடிக்கப் பாருங்கள். காலையில் பாடசாலைக்குப் புறப்படும் பிள்ளைகளுக்கு ஒழுங்கை இருட்டாகவே இருக்கும். பற்றை மூடிய காணிகளுக்குள்ளால் குறுக்கே போகாமல், பெரியவர் ஒருவருடன், எல்லோரும் பாவிக்கும் பாதையால் மட்டும் போகச் சொல்லுங்கள்.

எந்தப் பக்கம் பார்த்துப் பொங்குவது?

கிழக்கு என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் பொங்கலன்று சூரியன் நேர் கிழக்கில் உதிப்பதில்லை. நன்றாகத் தென்கிழக்குப் பக்கம் சரிந்தே உதிக்கிறது. பழைய வேலியும் மரங்களும் இல்லாத காணியில் திசை பிடிபடவில்லை என்றால், இரண்டு மூன்று நாள் முன்னதாகவே காலையில் போய்ச் சூரியன் எழும் இடத்தைப் பார்த்து வையுங்கள். உங்களுடன் முதியவர் இருந்தால் அவரையும் கூட்டிச் செல்லுங்கள். “முன்பு கிணற்றடிக்கு நேரே வெயில் விழும்” என்பது போன்ற ஒரு ஞாபகம், பழைய முற்றத்தைக் கண்டுபிடிக்க உதவலாம். ஆனால் எல்லைக் கல்லை நாட்ட ஞாபகம் மட்டும் போதாது. உறுதியையும் வரைபடத்தையும் எடுத்துக்கொண்டு அயலவருடன் சேர்ந்து கிராம அலுவலர் முன்னிலையில் பேசுங்கள். பொங்கல் நாளில் எல்லைப் பேச்சை எடுக்காதீர்கள்.

அடுப்பு மூட்டுவதற்கு முன்

இந்தப் பகுதியை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

நமது வழக்கப்படி முற்றத்தைக் கூட்டி, சாணத்தால் மெழுகி, அரிசிமாக் கோலம் போட்டு, மூன்று கல் வைத்து மண்ணில் நேரே தீ மூட்டுவோம். பல ஆண்டுகள் உயர் பாதுகாப்பு வலயமாக இருந்த காணியில் இது ஆபத்தாகலாம். மண்ணுக்குள் வெடிக்காத வெடிபொருள் ஒன்று இருந்தால் அடுப்பின் சூடு அதை வெடிக்க வைக்கும். கண்ணிவெடி அகற்றும் பணி ஒரு குறிப்பிட்ட ஆழம் வரைதான் செய்யப்படுகிறது. அதற்குக் கீழே புதைந்திருப்பது தப்பியிருக்கலாம்.

- பாவனைக்கு விடுவிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்ட காணியில் மட்டும் பொங்குங்கள். தெரியாவிட்டால் கிராம அலுவலரிடமோ பிரதேச செயலகத்திலோ கேளுங்கள்.
- அடுப்புக்காக மண்ணைக் கிண்டாதீர்கள். செங்கல்லை இரண்டு வரிசையாக அடுக்கி, மேலே வெளியிலிருந்து கொண்டுவந்த மணலைத் தடிப்பாகப் பரப்பி, அதன்மேல் அடுப்பை வையுங்கள். மண்ணிறைத்த தகரத் தட்டும் உதவும். கோலத்தை அதைச் சுற்றிப் போடலாம்.
- அடுப்புக் கல்லையும் விறகையும் பற்றைக்குள் தேடாதீர்கள். கொக்காரை, பன்னாடை, பொச்சுமட்டை ஆகியவற்றைத் துப்புரவான இடத்திலிருந்தோ சந்தையிலிருந்தோ எடுங்கள்.
- போகிக்காகவோ துப்புரவுக்காகவோ வெட்டிய பற்றையைக் குவித்து எரிக்காதீர்கள்.
- சீனவெடியை வளவில் கொளுத்தாதீர்கள். வெடிச் சத்தத்தோடு பழகும் பிள்ளை, கண்டெடுத்த பொருளையும் விளையாட்டாக எண்ணக்கூடும்.
- சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாதீர்கள், எறியாதீர்கள். வந்த வழியாலேயே திரும்பி, மற்றவர்களைத் தடுத்து, கிராம அலுவலருக்கு அல்லது 119 இலக்கத்தில் பொலிசாருக்கு அறிவியுங்கள்.

பொங்கல் தண்ணீர்

வடகீழ்ப் பருவமழை முடியும் காலம் என்பதால் தையில் நமது கிணறுகளில் தண்ணீர் மேலே நிற்கும். தெளிவாகத் தெரிந்தாலும் நீண்டகாலம் பாவிக்காத கிணற்றுத் தண்ணீரை அப்படியே பானையில் ஊற்ற வேண்டாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லிக் கிணற்றை இறைத்து, குளோரின் இட்ட பிறகே பாவியுங்கள். கிணற்றுக்குள் யாரும் இறங்கக் கூடாது. உள்ளே நச்சு வாயு இருக்கலாம்; வெடிபொருட்கள் போடப்பட்டிருக்கலாம். இந்த ஆண்டு பொங்கலுக்கு விநியோகத் தண்ணீர் போதும்.

யார் யார் கூட இருப்பது?

பச்சையரிசி, வறுத்த பயறு, சர்க்கரை, தேங்காய்ப்பால் இருந்தால் பொங்கல் ஆகிவிடும். கயூவும் பிளம்ஸும் இல்லாவிட்டால் குறையில்லை. சொந்த வயலின் புது நெல் இந்த ஆண்டு பலருக்கும் இருக்காது. அதற்காகக் கடன் வாங்காதீர்கள். ஒழுங்கையில் நான்கு குடும்பம் மட்டும் வந்திருந்தால் நான்கும் சேர்ந்து ஒரு வளவில் ஒரே பானையில் பொங்கலாம். தனியாக வந்திருக்கும் பெண்களையும் முதியவர்களையும் முதலில் கூப்பிடுங்கள். பானையில் அரிசி போடும்போது ஒவ்வொருவரும் ஒரு கை அள்ளிப் போடட்டும்.

முகாமில் பிறந்த பிள்ளைகளுக்கு இது ஊரல்ல, ஒரு காணி. அங்கே நண்பர்களை விட்டு வந்திருப்பார்கள். அவர்கள் முகம் சுளித்தால் ஏசாதீர்கள். கோலம் போடும் வேலையை அவர்களிடம் கொடுங்கள். திரும்பி வருவோம் என்று சொல்லிச் சொல்லியே காலமான பெரியவர்கள் உங்கள் வீட்டிலும் இருப்பார்கள். படைக்கும்போது அவர்களுக்கும் ஓர் இலை போடுங்கள். அழுகை வந்தால் பிள்ளைகளுக்கு முன் அழலாம்; யாரை நினைத்து அழுகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

பொங்கலுக்குப் பிறகு

தை பிறந்தால் மழை குறைந்து நிலம் காயத் தொடங்கும். அத்திவாரம் வெட்டவும் கூரை வேலை செய்யவும் வரும் மூன்று மாதங்கள் நல்லவை. பங்குனி, சித்திரையில் சூரியன் உச்சிக்கு வரும். ஏப்ரல் நடுப்பகுதியில் யாழ்ப்பாணத்தில் நண்பகலில் தலைக்கு நேர் மேலே நிற்கும். தற்காலிகக் கொட்டகையின் தகரம் அப்போது கடுமையாகச் சுடும். இப்போதே கிடுகு சேர்த்து வையுங்கள். நிலம் ஈரமாக இருக்கும்போதே வேலியோரம் கதியால் நாட்டுங்கள். அத்திவாரத்துக்கோ கதியாலுக்கோ கிடங்கு வெட்டும் முன்னும் காணி விடுவிக்கப்பட்டதை மறுபடி உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

வீட்டுத்திட்டப் பதிவு, மின்இணைப்பு, காணி உறுதி பற்றிய விபரங்கள் இக்கைந்நூலின் அடுத்த பகுதியில் உள்ளன. பொங்கல் விடுமுறை முடிந்ததும் அவற்றைப் பார்த்து, தேவையான பத்திரங்களுடன் பிரதேச செயலகத்துக்குச் செல்லுங்கள்.