நிதி விண்ணப்பமும் அதனை எழுதுவோரும்

2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி, அதில் குறிக்கப்பட்ட வரம்பை எட்டும் நிறுவனங்கள் தமது மூவாண்டுச் சராசரி நிகர இலாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். இந்நிதியை நாடும் தாராவி, செம்பூர் போன்ற பகுதிகளின் சிறு தொண்டு நிறுவனங்களுக்குத் தனி விண்ணப்ப எழுத்தாளர் ஒருவரை அமர்த்த வேண்டிய நிலை ஏற்படலாம். அவருக்குரிய ஊதியத்தை முன்கூட்டியே நிலையான தொகையாக வரையறுப்பதே முறையாகும். கிடைக்கும் நிதியில் பங்கு தருவதாயின், மக்களுக்குச் சேரவேண்டிய பணம் குறையும். தேவையை மிகைப்படுத்தும் நாட்டமும் பிறக்கும்.

புள்ளிவிவரங்களைத் திரட்டுதல் நிறுவனத்தின் கடமை. வெளியேற்ற அச்சத்தில் வாழ்ந்த மும்பை நடைபாதைவாசிகளை 1985இல் 'ஸ்பார்க்' நிறுவனம் கணக்கெடுத்தது. ஏறத்தாழ 6,000 குடும்பங்களின் நிலை அதனால் ஆவணமாயிற்று. இத்தகைய களக்கணக்கு கைவசம் இருந்தால்தான் எழுதுவோரின் திறமை மக்களுக்குப் பயன்படும்.