தூக்கத்தைக் குறைத்தால் நேரம் லாபமா?



"தூங்குகிறவன் கன்று கடாக் கன்று" என்று நம் பெரியவர்கள் சொல்லுவார்கள். ஒரே இரவில் இரண்டு பேருடைய பசுக்கள் கன்று போட்டனவாம். விழித்திருந்தவன் தன்னுடைய கடாக் கன்றைத் தூங்கியவன் பக்கம் விட்டுவிட்டு, அவனுடைய கிடாரிக் கன்றைத் தனதாக்கிக் கொண்டானாம். இதைக் கேட்டு வளர்ந்த நமக்குத் தூக்கம் என்றாலே நட்டம் என்ற எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. போதாததற்கு, 10 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று 2019-ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு ஆணையும் பிறப்பித்தது. கடை விழித்திருக்கலாம். கடைக்காரர் எவ்வளவு நேரம் விழித்திருக்க முடியும்? இதை நானே செய்து பார்த்து, பாடம் கற்றுக்கொண்டேன். அதைச் சொல்லவே இக்கட்டுரை.

கணக்கு என்ன?

இரவில் ஒரே மூச்சில் 7, 8 மணி நேரம் தூங்குவதற்குப் பதில், தூக்கத்தைச் சிறு சிறு துண்டுகளாக்கினால் குறைந்த நேரமே போதும் என்பது ஒரு கொள்கை. இதில் கடுமையான முறை, 4 மணி நேரத்துக்கு ஒரு தடவை 20 நிமிடம் தூங்குவது. நாளைக்கு 6 தடவை, ஆக மொத்தம் 2 மணி நேரம். சற்று இளகிய முறை, இரவில் 3 மணி நேரம், பகலில் 20 நிமிடமாக 3 தடவை, ஆக மொத்தம் 4 மணி நேரம்.

இது புதிய யோசனை அல்ல. பக்மின்ஸ்டர் புல்லர் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர், 6 மணி நேரத்துக்கு ஒரு முறை அரை மணி நேரம் வீதம் நாளைக்கு 2 மணி நேரமே தூங்கி இரண்டு ஆண்டுகள் வாழ்ந்ததாக 1943-இல் 'டைம்' பத்திரிகை செய்தி வெளியிட்டது. அவர் ஏன் அதை நிறுத்தினார் தெரியுமா? அவருடைய தொழில் கூட்டாளிகள் மற்ற மனிதர்களைப் போலத் தூங்கினார்கள். அவர்களோடு நேரம் ஒத்துவரவில்லை! வியாபாரிகள் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

நான் செய்து பார்த்தது

எனக்கு வெங்காய மண்டி. லாரி நள்ளிரவுக்கு மேல் வரும். சில்லறைக் கடைக்காரர்கள் 3 மணிக்கே வந்துவிடுவார்கள். மாலையில் வசூல், பிறகு சிட்டை, பேரேடு. இரவில் ஐந்தரை மணி நேரம், மதியம் ஒன்றரை மணி நேரம் என்று 7 மணி நேரம் தூங்கி வந்தேன். 2014-இல் என் மகன் மேற்சொன்ன முறைகளைப் பற்றிப் படித்துக் காட்டினான். நான் உடனே மனக்கணக்குப் போட்டேன். 7 மணி நேரத்தை 4 ஆக்கினால் நாளைக்கு 3 மணி நேரம் மிச்சம், மாதம் 90 மணி நேரம். சம்பளம் இல்லாத ஓர் ஆள் கிடைத்த மாதிரி! மறுநாளே ஆரம்பித்தேன்.

முதல் நான்கைந்து நாள் கண் எரிந்தது. பத்தாம் நாள் வாக்கில் பழகிவிட்டது என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னேன். அந்த வாரத்தில்தான் ஒரு கடைக்காரருக்கு 48 மூட்டை ஏற்றிவிட்டுச் சிட்டையில் 18 என்று எழுதியிருக்கிறேன். நான்கு நாள் கழித்து அவரே வந்தார். "அண்ணாச்சி, நான் எடுத்தது 48. நீங்க 18-னு போட்டிருக்கீங்க. உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். 30 மூட்டை என்றால் 1,500 கிலோ. அன்றைய விலையில் 30,000 ரூபாய். அவர் யோக்கியர், பணம் தப்பியது. வராமல் போன கணக்குகள் எத்தனையோ, எனக்குத் தெரியாது.

அதற்கும் நான் திருந்தவில்லை. 24-ஆம் நாள் வசூல் முடித்துத் திரும்பும்போது இரு சக்கர வண்டியில் ஒரு நொடி கண் அயர்ந்தேன். சாலையோரம் கொட்டியிருந்த மணல் குவியலில் ஏறி விழுந்தோம். பின்னால் உட்கார்ந்திருந்தவர் எங்கள் கணக்குப்பிள்ளை, மூன்று பிள்ளைகளின் தகப்பனார். அவருக்கு மணிக்கட்டு முறிந்தது. மணலுக்குப் பதில் அங்கே ஒரு லாரி நின்றிருந்தால்? அன்றோடு விட்டேன்.

ஏன் பலிக்கவில்லை?

தூக்கம் என்பது ஒரே சரக்கு அல்ல. ஏறத்தாழ 90 நிமிடத்துக்கு ஒரு சுற்றாக அது நடக்கிறது. ஆழ்ந்த தூக்கம் பெரும்பாலும் முதல் சுற்றுகளிலும், கனவுத் தூக்கம் பின் சுற்றுகளிலும் வருகின்றன. பின் சுற்றுகளை வெட்டினால் கனவுத் தூக்கத்தில்தான் பெரிய வெட்டு விழும். இருபது நிமிடத் துண்டுகளால் அதை ஈடுகட்ட முடியாது.

உடம்புக்குள் ஒரு கடிகாரமும் ஓடுகிறது. 1938-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் கிளெய்ட்மன் என்ற அறிஞரும் அவருடைய மாணவர் ரிச்சர்ட்சனும் அமெரிக்காவின் மம்மத் குகைக்குள் 32 நாள் தங்கி, ஒரு நாளை 28 மணி நேரமாக மாற்றிப் பார்த்தார்கள். இருபதுகளில் இருந்த மாணவருக்கு அது ஓரளவு ஒத்துவந்தது. நாற்பதைத் தாண்டிய ஆசிரியரின் உடம்போ 24 மணிக் கணக்கை விடவே இல்லை.

எல்லாவற்றிலும் முக்கியமானது 2003-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்டது. 14 நாட்களுக்குச் சிலரை 8 மணி நேரமும், சிலரை 6 மணி நேரமும், சிலரை 4 மணி நேரமும் தூங்க விட்டுச் சோதித்தார்கள். 6 மணியும் 4 மணியும் தூங்கியவர்களின் கவனம் நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே போய், ஓரிரண்டு இரவுகள் அறவே தூங்காதவர்களின் நிலைக்கு வந்தது. ஆனால் அவர்களுக்கு அது தெரியவில்லை. சில நாட்களுக்குப் பின், தமக்குத் தூக்கக் கலக்கம் பெரிதாகக் கூடவில்லை என்றே சொன்னார்கள். "பழகிவிட்டது" என்று நான் பெருமையடித்தது இதுதான். கைமாற்று வாங்கினால் வாங்கியது நினைவிருக்கும். இந்தக் கடனில், வாங்கியவனுக்கே அது தெரிவதில்லை.

2021-இல் அமெரிக்கத் தேசியத் தூக்க அறக்கட்டளை அமைத்த நிபுணர் குழுவும், இத்தகைய முறைகளால் நன்மை உண்டு என்பதற்கு ஆதாரம் இல்லை, தீங்குக்கே ஆதாரம் உண்டு என்று முடிவு கூறியது.

லாரி ஓட்டுநரையும் நினைக்க வேண்டும்

ஆஸ்திரேலியாவில் 1997-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தவரின் செயல்திறன், 100 மி.லி. இரத்தத்தில் 50 மி.கி. மது உள்ளவரின் நிலைக்கு இறங்குகிறது. நம் நாட்டு மோட்டார் வாகனச் சட்டம் அனுமதிக்கும் அளவோ 30 மி.கி.தான். குடித்த ஓட்டுநரிடம் நம் சரக்கை ஒப்படைப்போமா? ஆனால் "விடிவதற்குள் சரக்கு வந்தாக வேண்டும்" என்று தொலைபேசியில் விரட்டும்போது ஏறக்குறைய அதைத்தான் செய்கிறோம். நானும் செய்திருக்கிறேன். இப்போது செய்வதில்லை.

என்ன செய்யலாம்?

பகலில் குட்டித் தூக்கம் போடுவது தவறே அல்ல. நீண்ட தூரம் பறக்கும் விமானிகளுக்கு நடுவில் 40 நிமிட ஓய்வு கொடுத்து அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா சோதித்தது. அவர்கள் சராசரியாக 26 நிமிடம் தூங்கினார்கள். விழிப்பும் செயல்திறனும் தெளிவாகக் கூடின. ஆனால் அது இரவுத் தூக்கத்துக்குத் துணைதான், மாற்று அல்ல.

என் அனுபவத்தில் சில யோசனைகள்:

1. வயது வந்தவர்களுக்கு 7 மணி நேரமாவது வேண்டும் என்பது மருத்துவர்களின் பரிந்துரை. மண்டிக்காரர்கள் அதை இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். மொத்தம் குறையக்கூடாது, நேரம் நாளுக்கு நாள் மாறவும் கூடாது.

2. அதிகாலை 2 முதல் 6 மணி வரை கவனம் மிகவும் தளர்ந்திருக்கும். அந்த நேரத்தில் எடுக்கும் சிட்டையை இரண்டாவது ஆள் ஒருவர் சரிபார்க்க வேண்டும்.

3. தூங்கி எழுந்த அரை மணி நேரத்துக்குள் பணம் எண்ணுவதும், வண்டி ஓட்டுவதும் வேண்டாம்.

4. அப்பாவும் மகனும் ஒரே நேரத்தில் கடையில் விழித்துக் கிடப்பதை விட, முறை வைத்துக்கொள்வது நல்லது.

5. போதிய நேரம் தூங்கியும் பகலில் கண் சொருகினால், இரவில் பலத்த குறட்டை இருந்தால், மருத்துவரிடம் காட்டுங்கள்.

இப்போது என் மகன் இரவு வியாபாரத்தையும் நான் காலை வியாபாரத்தையும் பார்க்கிறோம். அந்த 90 மணி நேரம் எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் சிட்டையும் பேரேடும் ஒத்துப்போகின்றன. கணக்குப்பிள்ளை இன்றும் எங்களிடம்தான் இருக்கிறார். மழைக் காலத்தில் மணிக்கட்டு வலிக்கிறது என்பார். நான் பதில் பேசுவதில்லை.