சிறிய காமிராவும் நாமும்

பிழைப்பை நாடி ஊரைவிட்டு வந்த குடும்பங்கள் தம்முடன் கொண்டுவரும் பொருள்களுள் புகைப்படம் ஒன்று. திலக் நகரிலும் தாராவியிலும் நாம் சென்று வரும் தமிழர் வீடுகளில், தாத்தாவோ பாட்டியோ விறைப்பாக நாற்காலியில் அமர்ந்திருக்கும் படம் ஒன்றேனும் சுவரில் தொங்கக் காண்கிறோம். நம் வீட்டுச் சுவரிலும் ஒரு படம் உண்டு. அது நம் தந்தையாருடையது. ஆயின் அதைப் பார்க்குந்தோறும் நமக்கு ஒரு குறை மனத்தை உறுத்தும்.

தந்தையார் ரயில்வேயில் பணியாற்றிக்கொண்டிருக்கும்போதே காலமானார். அவர் மறைந்த பின் பெரிதாக்கி மாட்டுவதற்கு ஒரு நல்ல படம் வேண்டுமென்று வீடு முழுதும் தேடினோம். கிடைத்தது அடையாள அட்டையில் ஒட்டியிருந்த சிறு படம் ஒன்றே. அதைப் பெரிதாக்கித் தந்த ஸ்டூடியோக்காரர், அழகு கருதியோ என்னவோ, அவருக்குக் கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிவித்துவிட்டார். வாழ்நாளில் கோட்டு அணிந்தறியாத மனிதர் அவர். "இது ஒங்க அப்பா மாதிரியா இருக்கு? யாரோ ஆபீசர் மாதிரில்லா இருக்கு" என்று அன்னையார் அன்று சொன்னார்கள். ஆயினும் நாள்தோறும் அப்படத்துக்குத்தான் பூ வைக்கிறார்கள்.

இந்நிலை மறுபடி நேரக்கூடாது என்ற எண்ணமே நம்மைக் காமிராவின்பால் செலுத்தியது. சென்ற தசராவுக்கு முன் கிடைத்த போனஸ் பணத்தை எடுத்துக்கொண்டு, கோட்டைப் பகுதியில் உள்ள போரா பஜாருக்குச் சென்றோம். புகைப்படச் சாமான்கள் விற்கும் கடைகள் நிறைந்த தெரு அது. பிறர் பயன்படுத்திய ஒலிம்பஸ் காமிரா ஒன்றையும், இரண்டு லென்ஸ்களையும் வாங்கி வந்தோம். காமிராவைக் கண்ட அன்னையார், "ஏல, இந்தச் சின்னப் பெட்டிக்கா போனஸ் பூராவும் போச்சு?" என்று கேட்டார்கள். இல்லாள் ஒன்றும் கேட்கவில்லை. அதுவே நமக்கு அதிக அச்சத்தைத் தந்தது.

கைபேசியிலேயே காமிரா இருக்க, இது எதற்கு என்று அன்பர்கள் வினவலாம். நியாயமான வினாவே. வெயிலில் எடுக்கும் படத்துக்குக் கைபேசி போதும். ஆனால் வெளிச்சம் குறைந்த அடுக்களையிலும், ஓடியாடும் குழந்தைகளிடத்திலும் லென்ஸின் அளவும், ஒளியை ஏற்கும் தகட்டின் அளவும் தம் வேறுபாட்டைக் காட்டிவிடுகின்றன.

நாம் வாங்கியது கண்ணாடியில்லாக் காமிரா வகையைச் சேர்ந்தது. முன்னாளில் கலியாணப் படக்காரர்கள் கழுத்தில் தொங்கிய பெரிய காமிராக்களில், லென்ஸின் பின்னால் முகம் பார்க்கும் கண்ணாடி போன்ற ஒன்று சாய்வாக இருக்கும். காட்சியை மேலே திருப்பி நம் கண்ணுக்குக் காட்டுவது அதன் தொழில். படம் எடுக்கும் கணத்தில் அது 'டபக்'கென்று எழும்பி வழிவிடும். அக்கண்ணாடியை அகற்றிவிட்டு, ஒளித்தகடு காண்பதையே ஒரு சிறு திரையில் காட்டினால் என்ன என்ற கருத்தின் விளைவே இப்புது வகை. ஒலிம்பஸ், பானசோனிக் ஆகிய இரு ஜப்பானிய நிறுவனங்களும் 2008 ஆகஸ்டில் இதற்கெனப் பொது அளவு ஒன்றை அறிவித்தன. 'மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ்' என்பது அதன் பெயர். லென்ஸ் பொருந்தும் வளையத்துக்கும் தகட்டுக்கும் இடையே முன்பு ஏறத்தாழ 39 மில்லிமீட்டர் தேவைப்பட்டது. கண்ணாடி போன பின் 20 மில்லிமீட்டருக்கும் குறைவாயிற்று. ஆகவே காமிராவும் மெலிந்தது, லென்ஸும் சிறுத்தது. பொது அளவாகையால் ஒரு நிறுவனத்தின் லென்ஸை மற்றதன் காமிராவில் பொருத்தலாம். நம் போன்ற குமாஸ்தாக்களுக்கு இது பேருதவி.

சிறுமை என்பது ஒலிம்பஸுக்குப் புதிதன்று. யோஷிஹிசா மைத்தானி என்ற பொறியாளர் 1959இல் 'பென்' என்ற சிறு காமிராவை உருவாக்கினார். பேனாவைப் போல் எடுத்துச் செல்லலாம் என்பதே பெயரின் பொருள். 36 படச் சுருளில் அது 72 படம் எடுக்கும். சரியாக 50 ஆண்டு கழித்து, 2009இல், அதே பெயரில் கண்ணாடியில்லாக் காமிராவை அந்நிறுவனம் வெளியிட்டது. 2021 ஜனவரியில் அக்காமிராத் தொழில் வேறு நிறுவனத்தின் கைக்கு மாறிற்று. எனினும் பழைய லென்ஸ்கள் புதிய காமிராக்களிலும் பொருந்துகின்றன.

இனி நாம் பழகிய கதையைச் சொல்வோம். முதல் மாதம் எடுத்த படங்களுள் பாதிக்கு மேல் பழுது. குற்றம் காமிராவினுடையதன்று, நம்முடையதே. காமிராவினுள் கைநடுக்கத்தை ஈடுசெய்யும் பொறி இருக்கிறது. அதை நம்பி, மாலை விளக்கொளியில் வினாடியில் 15இல் ஒரு பங்கு நேரம் திறந்து வைத்து அன்னையாரைப் படம் எடுத்தோம். சுவர், அலமாரி, நாட்காட்டி யாவும் தெளிவாக விழுந்தன. அன்னையார் முகம் மட்டும் புகைபோல் கலைந்திருந்தது. நம் கை நடுங்குவதைப் பொறி தடுக்கும். எதிரே இருப்பவர் அசைவதை அது எவ்வாறு தடுக்கும்? மனிதரை எடுக்கும்போது வினாடியில் 125இல் ஒரு பங்குக்குக் குறையாத வேகம் நன்று என்பதை அன்று கற்றோம்.

அடுத்த பாடம் நிறத்தைப் பற்றியது. காமிரா எதைக் கண்டாலும் இடைத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவர முயலும். வெள்ளை வேட்டி கட்டியவரை எடுத்தால் வேட்டி அழுக்காகும். கரிய மேனியரை இருண்ட பின்னணியில் எடுத்தால் முகம் சாம்பல் பூசினாற்போல் வெளுக்கும். நம்மவர் படங்கள் பல இவ்வாறுதான் கெடுகின்றன. இதற்கென உள்ள சக்கரத்தைத் திருப்பி, முன்னதற்கு ஒளியைக் கூட்டவும் பின்னதற்குக் குறைக்கவும் வேண்டும். கண்ணாடியில்லாக் காமிராவில், இம்மாற்றத்தைப் படம் எடுக்குமுன்பே கண்ணால் காணலாம். கற்பவனுக்கு இதைவிட நல்ல ஆசிரியர் வேண்டுவதில்லை.

மூன்றாவது, ஓசையின்றிப் படம் எடுக்கும் வசதி. ஒரு பொங்கல் விழாவில் பேச்சாளருக்கு இடையூறாகாதபடி அதைப் பயன்படுத்தினோம். படங்களில் குறுக்கே பட்டை பட்டையாகக் கருங்கோடுகள் விழுந்தன. நம் மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சி உடையது; எனவே சில விளக்குகள் வினாடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. ஓசையற்ற முறையிலோ தகடு வரிவரியாகப் படிக்கப்படுகிறது. அதனால் நேர்ந்ததே அப்பட்டை. வேகத்தை 50இல் ஒரு பங்காகவோ 100இல் ஒரு பங்காகவோ வைத்தால் பெரும்பாலும் நீங்கும்.

லென்ஸ்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஒன்று 17 மில்லிமீட்டர். மற்றொன்று 45 மில்லிமீட்டர். இத்தகடு பழைய 35 மில்லிமீட்டர் படச்சுருளின் சட்டத்தில் குறுக்களவால் பாதியாதலால், அவற்றின் பார்வை முறையே 34க்கும் 90க்கும் ஒப்பாகும். 45 முகத்துக்கு உகந்தது. 116 கிராம் எடையே உடைய அந்த லென்ஸ், முகத்தைத் தெளிவாக்கிப் பின்னாலுள்ள துணிக்கொடியையும் தண்ணீர் டிரம்மையும் மங்கச் செய்துவிடுகிறது. ஆனால் நம் ஒற்றை அறையில் அதை வைத்துக்கொண்டு பின்வாங்கினால் முதுகு கதவில் இடிக்கும். அப்போது 17தான் கைகொடுக்கும். பத்துப் பேரை வரிசையாக நிறுத்தி எடுக்கும்போது லென்ஸின் வாயை முழுதும் திறக்கலாகாது. திறந்தால் முன்வரிசை தெளியும், பின்வரிசை மங்கும். அத்தை ஒருவர் அவ்வாறு மங்கிப்போனமைக்காக இன்றும் நம்மிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

பம்பாய் மழையைப் பற்றி எச்சரித்தல் நம் கடமை. ஜூன் முதல் செப்டம்பர் வரை இங்குள்ள ஈரத்தில் லென்ஸினுள் பூஞ்சை படரும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்தல் வேண்டும். பொட்டலங்களை அவ்வப்போது உலர்த்தி வைப்பதும், லென்ஸை வாரமொரு முறையேனும் வெளியில் எடுத்துப் பயன்படுத்துவதும் நலம். தெருப் புழுதியில் லென்ஸ் மாற்றுவதைத் தவிர்க்கவும். ஒரு பாட்டரி ஏறத்தாழ 300 படத்துக்கே வருமாதலால், ஊருக்குப் போகும்போது இரண்டாவதொன்று தேவை.

இத்தனையும் கற்றோம், அன்னையார் மட்டும் படத்துக்கு இசையவில்லை. காமிராவை எடுத்தாலே முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வார்கள். ஒருநாள் காரணம் கேட்டோம். "அப்பா பக்கத்துல மாட்டத்தானல இப்பவே எடுத்து வைக்க?" என்றார்கள். நமக்கு நா எழவில்லை. ஏனெனில் நாம் காமிரா வாங்கியது உண்மையில் அதற்காகத்தானே! அன்றோடு அவரை அமரச் சொல்வதை விட்டுவிட்டோம்.

அதற்கு மாறாக, காமிராவை அடுக்களை மாடத்திலேயே வைத்தோம். காலையில் குழந்தைகளை எடுப்போம், பூனையை எடுப்போம், கொதிக்கும் குழம்பை எடுப்போம். சில வாரங்களில் அது தீப்பெட்டியைப் போல வீட்டுச் சாமான்களுள் ஒன்றாயிற்று. பெரிய காமிராவாயின் இது நடந்திராது. ஒரு ஞாயிறன்று ஜன்னலோரம் அமர்ந்து அன்னையார் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்கள். பேத்தி ஏதோ கேட்க, நிமிர்ந்து சிரித்தார்கள். 45 லென்ஸ் பொருந்தியிருந்தது. ஒளியை ஒரு பங்கு குறைத்து அழுத்தினோம். மேனியின் கருமை கருமையாகவே விழுந்தது. மூக்குத்தி மட்டும் மின்னியது.

படத்தை அச்சிட்டுக் கையில் கொடுத்தோம். நெடுநேரம் பார்த்தார்கள். "இன்னொண்ணு போட்டுக் குடு, ஊர்ல தங்கச்சிக்கு அனுப்பணும்" என்றார்கள். திருநெல்வேலிக்கு ஒரு படி அஞ்சலில் சென்றது. மற்றொன்று தந்தையார் படத்துக்கு அருகிலன்று, அடுக்களை அலமாரியில் இருக்கிறது. அங்கேதான் வைக்கவேண்டும் என்பது அன்னையாரின் கட்டளை.

திலக் நகரின் பழைய வீட்டுவசதி வாரியக் கட்டடங்கள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டு மாடமாளிகைகள் எழுகின்றன. நாம் குடியிருக்கும் கட்டடத்தின் முறையும் வரும். அந்த ஜன்னலும் அதன் காலை வெளிச்சமும் அன்று போய்விடும். டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக்கலை பயின்ற ஏ. கே. செட்டியார், காந்தியடிகளைப் பற்றிப் பலர் எடுத்து வைத்திருந்த படச்சுருள்களை உலகெங்கும் அலைந்து திரட்டி, 1940இல் ஒரு படமாகத் தமிழருக்கு அளித்தார். யாரோ எடுத்து வைத்திருந்ததால்தான் அவரால் திரட்ட முடிந்தது என்பதை நாம் மறக்கலாகாது.

ஆகவே அன்பர்களுக்கு நம் வேண்டுகோள் ஒன்றே. காமிராவாயினும் கைபேசியாயினும் உங்கள் வீட்டுப் பெரியோரை, அவர்கள் வேலை செய்யும் இடத்தில், அவர்கள் உடுத்தும் உடையிலேயே எடுத்து வையுங்கள். எடுத்ததை அச்சிட்டு அவர்கள் கையில் கொடுங்கள். அவர்கள் பார்த்து மகிழ வேண்டிய படத்தை, அவர்கள் போன பின் தேடி அலைய வேண்டாம்.