ஜர்னல் கட்டுரை ஏன் பூட்டிக் கிடக்கு?

நூலகத்துக்கு ஒதுக்குற பணம் குறைஞ்சா புத்தகம் மட்டுமில்லை, ஜர்னலும் அடி வாங்கும். ஒருமுறை வாங்கின புத்தகம் அலமாரியிலேயே இருக்கும். ஆன்லைன் ஜர்னல் வாடகை வீடு மாதிரி. சந்தாவை நிறுத்தினா பல சமயம் பழைய இதழ்களும் சேர்ந்தே போயிடும்.

ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியா சந்தா கட்டி மாளாது. அதனாலதான் 2024 நவம்பரில் மத்திய அரசு ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. 3 ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய். ஐஇஇஇ, எல்சிவியர் உட்பட 30 பதிப்பகங்கள், ஏறக்குறைய 13,000 ஜர்னல்கள். ஆனா முதல் கட்டம் அரசு நிறுவனங்களுக்கு மட்டும். திருவண்ணாமலை அரசு கலைக் கல்லூரி மாணவருக்குத் திறக்கக்கூடிய கட்டுரை, பக்கத்துச் சுயநிதி பொறியியல் கல்லூரியில, நிர்வாகம் தனியா பணம் கட்டலேன்னா, திறக்காது. ப்ராஜெக்ட் என்னவோ ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான்!

அதுவரைக்கும், தலைப்பை கூகுள் ஸ்காலரில் தேடுங்க. ஆர்க்கைவ் தளத்தில் இலவசப் பிரதி இருக்கலாம். இல்லேன்னா கட்டுரையாளருக்கே மெயில் போடுங்க, பலர் அனுப்பிடுவாங்க. இந்திய முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு சோத்கங்கா இருக்கு. கல்லூரி சந்தா கட்டுற ஜர்னலை மறக்காம கல்லூரி லாகின் வழியாவே திறங்க. அடுத்த வருஷம் எதை வெட்டலாம்னு யோசிக்கும்போது நூலகர் கையில இருக்கிற ஆதாரம் அந்தப் பயன்பாட்டுக் கணக்குதான்.