டட்சன் வாங்கலாமா?

காணையிலோ விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ முதல்முதலாகக் கார் வாங்க நினைக்கும் குடும்பம் பெரும்பாலும் செகண்ட் ஹேண்டில்தான் தொடங்குகிறது. ஒரே டூவீலரில் நான்கு பேர் போய்வந்தது போதும், மழைக்கும் வெயிலுக்கும் தலைக்குமேல் ஒரு கூரை வேண்டும், அவ்வளவுதான் தேவை. கையில் இருக்கும் தொகையைச் சொன்னால் புரோக்கர் காட்டுகிற வண்டிகளில் ஒரு டட்சன் கோவோ ரெடி-கோவோ வந்து நிற்கும். டி.என். 32 அல்லது டி.என். 16 பதிவு, அதிகம் ஓடாத வண்டி, விலையும் அதே வருஷத்து மாருதியைவிடக் குறைவு. உடனே அக்கம்பக்கத்தில் இரண்டு பேச்சு கிளம்பும். "மலிவு வண்டிப்பா, பாதி வழியில நின்னுடும்" என்பது ஒன்று. "கம்பெனியே மூடிட்டான், ஸ்பேருக்கு எங்க போவ?" என்பது இன்னொன்று. டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் இந்த வண்டி எந்த ஊர்ப் பிள்ளை என்று தெரிந்துகொள்வோம். விழுப்புரத்திலிருந்து சென்னை நோக்கிப் போகிறோம். திண்டிவனம், மதுராந்தகம், செங்கல்பட்டு எல்லாம் தாண்டி சிங்கப்பெருமாள் கோவிலில் இடப்பக்கம் திரும்பினால் ஒரகடம். அங்கே 2010-ல் ரெனால்ட்டும் நிசானும் கூட்டாகத் தொடங்கிய தொழிற்சாலையில்தான் நம் ஊரில் ஓடுகிற டட்சன்கள் தயாராயின. 2014 மார்ச்சில் 'கோ' 3.12 லட்ச ரூபாய் தொடக்க விலையில் வந்தது. அடுத்த ஆண்டு ஏழு பேர் உட்காரும் 'கோ பிளஸ்'. 2016 ஜூனில் 'ரெடி-கோ', 2.38 லட்சத்தில். எல்லாம் ஷோரூம் விலை. 2022 ஏப்ரலில் டட்சன் என்ற பெயரையே இந்தியாவில் நிறுத்திவிட்டார்கள். மொத்தம் எட்டு ஆண்டுதான்.

ஆனால் அந்தப் பெயருக்கு வயது நூறுக்கு மேல். ஜப்பானில் ஹாஷிமோடோ என்ற பொறியாளர் 1911-ல் தொடங்கிய பட்டறை, பணம் போட்ட மூன்று பேரின் முதலெழுத்துகளைச் சேர்த்துப் பெயரிட்ட ஒரு காரை 1914-ல் செய்தது. அதன் வழிவந்த சின்னக் கார்தான் 1930-களின் டட்சன். 500 சிசிக்குள் இருந்தால் ஓட்டுநர் உரிமமே தேவையில்லை என்று அங்கே சட்டம் இருந்த காலம் அது, அந்த வரம்புக்குள் அடங்கும்படி செய்த வண்டி. பிறகு அது நிசானின் கைக்குப் போனது. 1958-லிருந்து அமெரிக்காவுக்கும் ஏற்றுமதியானது. 1973-ல் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது அங்கே இந்தச் சின்ன ஜப்பான் கார்களுக்கு நல்ல கிராக்கி. அந்தக் காலத்து டட்சன் வைத்திருந்தவர்களிடம் ஒரு பேச்சு வழக்கமாக இருந்தது: எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும், பாடிதான் துருப்பிடித்து உதிர்ந்துவிடும். பனி உருக உப்புப் போடுகிற சாலைகள் அவை. எஞ்சினுக்கு ஒரு ஆயுள், பாடிக்கு வேறு ஆயுள். இதை நினைவில் வைத்துக்கொள்வோம்.

1981-ல் நிசான் அந்தப் பெயரைக் கைவிட முடிவெடுத்து, அடுத்த சில ஆண்டுகளில் எல்லா வண்டிக்கும் நிசான் என்றே பெயரிட்டது. முப்பது ஆண்டு கழித்து, 2012-ல், அப்போதைய தலைவர் கார்லோஸ் கோஸ்ன் அதை மீண்டும் கொண்டுவருவதாக அறிவித்தார். இந்தியா, இந்தோனேசியா, ரஷ்யா ஆகிய நாடுகளில் முதன்முறை கார் வாங்குபவர்கள்தான் குறி. கூட்டாளியான ரெனால்ட் இதே வேலையை ருமேனியாவின் டாசியா என்ற பெயரில் லோகன் காரை வைத்து முன்பே வெற்றிகரமாகச் செய்து காட்டியிருந்தது. அந்த லோகன் மகிந்திராவோடு சேர்ந்து 2007-ல் நம் ஊருக்கும் வந்ததே, பலருக்கு நினைவிருக்கும்.

இப்போது நம் கேள்விக்கு வருவோம். ஒரு காரின் விலையைக் குறைக்க வேண்டுமென்றால் எதையாவது விட்டாக வேண்டும். எதை விட்டார்கள்? ஒரு ரெடி-கோவின் கதவைத் திறந்து உள்பக்கம் பாருங்கள். மற்ற கார்களில் பிளாஸ்டிக்கோ துணியோ மூடியிருக்கும் இடத்தில் பெயின்ட் அடித்த தகரம் அப்படியே தெரியும். அதே அடித்தளத்தில் வந்த ரெனால்ட் க்விட்டில் சக்கரத்துக்கு மூன்றே நட்டுகள், முன்கண்ணாடிக்கு ஒரே வைப்பர். முதலில் வந்த 'கோ'வில் மியூசிக் சிஸ்டமே கிடையாது, அந்த இடத்தில் செல்போன் மாட்ட ஒரு பிடிமானம் வைத்துவிட்டார்கள். ஏர்பேக் இல்லை, ஏ.பி.எஸ். பிரேக்கும் இல்லை. சாலைச் சத்தத்தைத் தடுக்கும் பஞ்சும் அட்டையும் குறைவு. ரெடி-கோவின் எடை 635 கிலோதான், ஏறக்குறைய பழைய மாருதி 800 அளவு. மைலேஜ் நன்றாக வருவதற்குப் பெரிய காரணம் அந்த எடை.

எஞ்சினில் அப்படிக் கைவைக்கவில்லை. 'கோ'வில் இருப்பது நிசான் மைக்ராவில் இருந்த அதே குடும்பத்து 1.2 லிட்டர் எஞ்சின், 68 குதிரைத்திறனுக்குச் சற்றே அடக்கி வைத்தது. ஒரகடத்திலிருந்து ஐரோப்பாவுக்குக் கப்பலேறிய கார் அந்த மைக்ரா. உள்ளே டைமிங் பெல்ட்டுக்குப் பதில் செயின் இருப்பதால், இத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை பெல்ட் மாற்று என்ற செலவும் இல்லை. ரெடி-கோவின் 800 சிசி எஞ்சினை க்விட்டோடு பகிர்ந்துகொண்டார்கள். புதிதாக ஒரு எஞ்சின் வடிவமைக்க ஆகும் பணம் மிகப் பெரியது. ஏற்கெனவே சோதித்த ஒன்றைப் பல வண்டிகளில் போடுவதுதான் சிக்கனம். ஆக மலிவு வண்டி என்பதால்தான் அதில் பழகிய எஞ்சின் இருந்தது.

"அப்படியானால் ஏன் சார் நடுங்குது?" என்று கேட்பீர்கள். இரண்டு எஞ்சினிலும் மூன்று சிலிண்டர். எஞ்சின் இரண்டு சுற்றுச் சுற்றும்போது ஒவ்வொரு சிலிண்டரும் ஒரு தடவை வெடிக்கும். நான்கு சிலிண்டர் என்றால் அரைச் சுற்றுக்கு ஒரு வெடிப்பு. மூன்று என்றால் இடைவெளி கூடிவிடும், இரண்டு முனைகளிலும் இழுவை சமமாகவும் இருக்காது. வேகமாக ஓடும்போது இது தெரியாது, சிக்னலில் நிற்கும்போது ஸ்டீயரிங்கில் தெரியும். இதைக் கோளாறு என்று நினைத்து எஞ்சினைப் பிரிக்கச் சொல்கிறவர்கள் உண்டு. வேண்டாம். புதிதாக வந்த நடுக்கமா, பிறவி நடுக்கமா என்று மட்டும் மெக்கானிக்கிடம் கேளுங்கள். கிளட்ச் விஷயமும் இப்படித்தான். சின்ன எஞ்சினில் ஐந்து பேரை ஏற்றி ஏ.சி.யும் போட்டால் அடிக்கடி கியரைக் குறைக்க வேண்டிவரும். அதற்குச் சோம்பல்பட்டு கிளட்சில் காலை வைத்தபடியே ஓட்டினால் எந்தக் கம்பெனி வண்டியிலும் பிளேட் தேயும்.

இந்த வண்டிகளை வைத்திருப்பவர்கள் பலரும் சொல்வதைச் சேர்த்துப் பார்த்தால் படம் ஓரளவு தெளிவு. நேரத்துக்கு ஆயில் மாற்றினால் ஓடுகிறது, சர்வீஸ் செலவு கையைக் கடிப்பதில்லை, 185 மில்லிமீட்டர் தரை இடைவெளி இருப்பதால் ரெடி-கோ ஏரிக்கரைப் பாதையிலும் அடி தட்டாமல் போகிறது. சத்தம் அதிகம், கதவு லேசு, விற்கப் போனால் விலை போகவில்லை என்பவை குறைகள். இந்தக் கடைசிக் குறைதான் இப்போது வாங்கப் போகிற உங்களுக்கு லாபம்.

இங்கேதான் எல்லோரும் சறுக்குகிற இடம் வருகிறது. நாலைந்து வருஷம் வழியில் நிற்காமல் ஓடிய வண்டியைப் பார்த்து "இரும்பு மாதிரி வண்டி" என்கிறோம். நிற்காமல் ஓடுவது ஒரு குணம். மோதினால் உள்ளே இருப்பவரைக் காப்பது வேறொரு குணம். முதலாவது எஞ்சின், கியர், மின்வயர் சார்ந்தது. இரண்டாவது பாடியின் எலும்புக்கூடு சார்ந்தது. ஒன்று நன்றாக இருப்பதால் மற்றதும் நன்றாக இருக்கும் என்று சொல்ல வழியே இல்லை. மலிவு வண்டி அடிக்கடி நிற்கும் என்று பயந்தவர், நிற்கவில்லை என்றதும் எல்லாப் பயத்தையும் சேர்த்து விட்டுவிடுகிறார். என் வருத்தம் அதுதான்.

2014 நவம்பரில் குளோபல் என்கேப் என்ற அமைப்பு டட்சன் கோவை மோதிப் பார்த்தது. மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில், முன்பக்கத்தின் ஒரு பகுதி மட்டும் தடுப்பில் இடிக்கும்படி. பெரியவர்கள் பாதுகாப்புக்குக் கிடைத்தது பூஜ்யம் நட்சத்திரம். அதைவிடக் கவலையான விஷயம், பாடி குலைந்த விதத்தைப் பார்க்கும்போது ஏர்பேக் பொருத்தினாலும் பயனிருக்காது என்று அவர்கள் சொன்னது. அமைப்பின் அப்போதைய தலைவர் மேக்ஸ் மோஸ்லி, இந்த வண்டியின் விற்பனையை நிறுத்துங்கள் என்று கோஸ்னுக்கே கடிதம் எழுதினார். இந்தியச் சட்டம் கேட்பதை எல்லாம் செய்திருக்கிறோம் என்றது நிசான். அதுவும் உண்மைதான். அப்போது இப்படி மோதிக் காட்டச் சொல்லும் சட்டமே இங்கே கிடையாது. 2016-ல் சோதித்த முதல் க்விட்டும் பூஜ்யம்தான். டட்சனை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமாகாது.

ஏர்பேக் இருந்தும் எப்படிப் பயனில்லாமல் போகும்? தென்னை மரத்தில் இருந்து முழுத் தேங்காய் விழுகிறது. மேலே இருக்கும் மட்டை நசுங்கி அடியை வாங்கிக்கொள்கிறது, உள்ளே ஓடு அப்படியே இருக்கிறது. உரித்த தேங்காய் அதே உயரத்திலிருந்து விழுந்தால் ஓடு சிதறும். காரின் முன்பக்கம் மட்டை மாதிரி மடிந்து மடிந்து அடியை வாங்க வேண்டும், நாம் உட்காரும் அறை ஓடு மாதிரி உருக்குலையாமல் நிற்க வேண்டும். அறையே நொறுங்கினால் ஏர்பேக் விரிய இடமில்லை, ஸ்டீயரிங்கும் பெடலும் நம் மேல் வந்துவிடும். இதை முட்டியால் தட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கதவுத் தகரம் கனமாக இருப்பதாலோ மெல்லியதாக இருப்பதாலோ அறை நிற்பதில்லை, உள்ளே மறைந்திருக்கும் தூண்களாலும் விட்டங்களாலும்தான் நிற்கிறது.

சட்டம் பிறகு மாறியது. 2017 அக்டோபரிலிருந்து புதிய மாடல்களும், 2019 அக்டோபரிலிருந்து எல்லாக் கார்களும் மோதல் சோதனையில் தேற வேண்டும் என்றார்கள். 2019-ல் ஏ.பி.எஸ்.ஸும் ஓட்டுநர் ஏர்பேக்கும் கட்டாயமாயின. 2018 அக்டோபரில் திருத்தி வெளியிட்ட 'கோ'வில் இரண்டு ஏர்பேக், ஏ.பி.எஸ். இரண்டும் எல்லா வண்டியிலும் வந்தன. ரெடி-கோ 2019 சோதனையில் ஒரு நட்சத்திரம் வாங்கியது. பூஜ்யத்தைவிட மேல், ஆனாலும் குறைவுதான். ஆகவே ஆர்.சி. புக்கை வாங்கியதும் முதலில் தயாரிப்பு மாதத்தையும் வருஷத்தையும் பாருங்கள். 2015 கோவும் 2019 கோவும் வெளியே ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும், உள்ளே வேறு.

வேகத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வேகம் இரு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். காணையிலிருந்து பிள்ளைகளை விழுப்புரம் பள்ளிக்குக் கொண்டுவிட 40-ல் போகும் வண்டிக்கு வேலை ஒன்று. விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டி 90-ல் ஆம்னி பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவே போகும் வண்டிக்கு வேலை வேறு. வாரம் தவறாமல் சென்னை போய்வருகிறவருக்குப் பழைய 'கோ'வை நான் சொல்ல மாட்டேன். உள்ளூர் உபயோகம் என்றால் சொல்வேன், பின்சீட்டில் இருப்பவர்களும் பெல்ட் போட வேண்டும் என்ற ஒரே வற்புறுத்தலோடு.

இனி அந்த ஸ்பேர் பயம். பெயரை நிறுத்தியபோதே சர்வீஸும் உதிரிபாகமும் தொடரும் என்று நிசான் அறிவித்தது. ஒரகடத் தொழிற்சாலையில் தன் பங்கை ரெனால்ட்டுக்கே கொடுத்துவிட 2025-ல் முடிவெடுத்தாலும், மேக்னைட் காரை இந்தியாவில் விற்றுக்கொண்டுதான் இருக்கிறது. எஞ்சின் பக்கத்து ஸ்பேருக்கு மைக்ராவும் க்விட்டும் துணை, ஊர் மெக்கானிக்கே எடுத்துவிடுவார். தட்டுப்படப் போவது பம்பர், ஹெட்லைட், பானட், கதவுக் கண்ணாடி போன்றவைதான். அவை டட்சனுக்கென்றே செய்த அச்சு, வேறு எதிலும் பொருந்தாது. ஆர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டிவரலாம், இல்லையென்றால் சென்னை புதுப்பேட்டையில் பழைய சாமான் தேட வேண்டிவரலாம். அதனால் விலை பேசும்போதே கண்ணாடி, லைட் எல்லாம் கீறலின்றி இருக்கிறதா என்று பார்ப்பது இந்த வண்டிக்கு ரொம்ப அவசியம்.

சேசிஸ் எண்ணைக் குறித்துக்கொண்டு நிசான் சர்வீஸ் சென்டரில் கொடுத்துக் கேளுங்கள். 2016-ல் எரிபொருள் குழாய்க்குக் கிளிப் மாட்டுவதற்காக ஆரம்பகால ரெடி-கோக்களைத் திரும்ப அழைத்தார்கள். அந்த வேலை முடிந்ததா என்று சொல்லிவிடுவார்கள். பிறகு நல்ல வெளிச்சத்தில் பானட்டைத் தூக்கி, இரண்டு பக்கமும் எஞ்சினைத் தாங்கி நீளும் விட்டங்களைப் பார்க்க வேண்டும். பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்த தடம், நிமிர்த்திய மடிப்பு, இரண்டாவது வெல்டிங் எதுவும் இருக்கக் கூடாது. இந்த வண்டியில் பலவீனமான இடமே பாடிதான், ஒரு தடவை அடிவாங்கிய பிறகு அதற்கு இன்னொரு அடியைத் தாங்கும் தெம்பு இருக்காது. அங்கே டிங்கரிங் செய்த அடையாளம் தெரிந்தால், எஞ்சின் எவ்வளவு சுத்தமாக ஓடினாலும், புரோக்கர் இன்னும் இருபதாயிரம் குறைத்தாலும், வேறு வண்டி காட்டச் சொல்லுங்கள்.