களஞ்சியம் படுக்கையறை ஆகும்முன்

சான்பாடாவில் நெல்லுக்குக் குறைவில்லை, வயல்தான் இல்லை. பக்கத்து வாஷி மொத்தச் சந்தைக்கு நாடெங்கிலும் இருந்து தானிய லாரிகள் வந்து நிற்கின்றன. செம்பூரில் ரயில் ஏறி, கழிமுகப் பாலம் தாண்டி இங்கே ஃபிளாட் வாங்கி வந்த தமிழ்க் குடும்பங்களில் பலருக்கு, இந்த வட்டாரம் ஒரு காலத்தில் நெல்வயலும் உப்பளமுமாகக் கிடந்தது என்றால் நம்பக் கஷ்டமாக இருக்கும்.

நவி மும்பையை உருவாக்க 1970இல் சிட்கோ நிறுவனம் தொடங்கப்பட்டது. 95 கிராமங்களின் நிலம் கையகப்படுத்தப்பட்டது. பெரும்பாலும் ஆக்ரி, கோலி சமூகத்தாரின் நிலம். இழப்பீடு கேட்டு டி.பா. பாட்டீல் தலைமையில் நடந்த போராட்டத்தில், 1984 ஜனவரியில் ஜாசாயில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டுக்கு ஐந்து பேர் பலியானார்கள். எடுத்த நிலத்தில் 12.5 சதவீதத்தை மனைகளாகத் திருப்பித் தரும் திட்டம் அதன் பிறகு வந்ததுதான். ஆக, நிலத்துக்குக் கணக்கு இருக்கிறது. அந்த நிலத்தை நம்பி நின்ற கொட்டகைகளுக்கும் களஞ்சியங்களுக்கும்?

நம்மூர் நத்தம் போன்றது அவர்களுடைய 'காவ்டாண்'. விவசாயி கையில் மிஞ்சியது அதுதான். கொங்கண் பக்கத்து நெல் விவசாயி வீட்டில் மாட்டுக்கு ஒரு 'கோட்டா', நெல்லுக்கு மூங்கிலால் பின்னிச் சாணம் மெழுகிய 'கணகா'. நம் குதிருக்கு ஒன்றுவிட்ட சகோதரன் என்று வைத்துக்கொள்ளலாம். வயல் போனதும் இரண்டுக்கும் வேலை போயிற்று. கொட்டகை, மகனுக்கு அறையானது, பிறகு வாடகைக்கு, பிறகு அதன்மேல் மூன்று நான்கு மாடி. மாட்டுக்குக் கட்டிய இடத்தில் பேரன் குடியிருக்கக் கூடாது என்று சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது? மாற்றுவதில் தவறில்லை. மாற்றும் முன் ஒரு வரைபடம்கூட எடுக்காமல் விடுவதுதான் உறுத்துகிறது.

இங்கிலாந்தில் பழைய பண்ணைக் கட்டடங்கள் வீடாக மாறுவது சர்வசாதாரணம். ஆனால் அனுமதி தரும் உள்ளாட்சி அமைப்பு, 'முதலில் பதிவு செய்' என்று நிபந்தனை போட முடியும். எப்படிப் பதிவு செய்வது என்பதற்கு 'ஹிஸ்டாரிக் இங்கிலாந்து' என்ற அமைப்பு நான்கு நிலைகள் வகுத்திருக்கிறது. வெளித்தோற்றத்தைக் குறிப்பது முதல் நிலை. கட்டடத்தின் முழு வரலாற்றையும் ஆராய்வது நான்காவது. எதிரெதிரே இரண்டு பெரிய கதவுகள் இருந்தால் நடுவில் கதிரடித்த களம், காற்றில் பதர் தூற்றிய இடம் என்று பொருள். உத்தரத்தில் தச்சர் கீறிய அடையாளங்கள், எலி பிடிக்க ஆந்தை வந்துபோக விட்ட துளை, எல்லாம் குறிப்பில் ஏறும். ஒரு கதவை ஜன்னலாக்கிச் சுவரைப் பூசிவிட்டால் இந்தச் சாட்சியெல்லாம் போயிற்று. அங்கேயும் 2014இல் விதி தளர்ந்தது. வரலாற்றுச் சின்னப் பட்டியலில் இல்லாத பண்ணைக் கட்டடங்கள் பலவற்றை முழு அனுமதி இல்லாமலே வீடாக்கலாம்.

நம் நாட்டில் பெரிய கட்டடங்களுக்குப் பாதுகாப்பு உண்டு. பாபநாசம் அருகே திருப்பாலைத்துறையில் 3,000 கலம் நெல் கொள்ளும் நாயக்கர் காலத்து வட்டக் களஞ்சியம், பாதுகாக்கப்பட்ட சின்னம். சென்னை அருகே முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில், தஞ்சைப் பகுதி விவசாயி வீட்டையும், மரக் களஞ்சியத்தோடு கூடிய புதுப்பள்ளி சிரியன் கிறிஸ்தவர் வீட்டையும் பார்க்கலாம். ஆனால் எத்தனை வீட்டைப் பெயர்த்து வைக்க முடியும்?

2020இல் மத்திய அரசு தொடங்கிய ஸ்வாமித்வா திட்டம் கிராமக் குடியிருப்புகளை டிரோன் மூலம் அளக்கிறது. பட்டாவுக்கு அது போதும். மேலே பறக்கும் கருவிக்குக் கூரை தெரியும். கூரைக்குக் கீழே குதிர் நின்ற வட்டத் தடம் தெரியாது.

அதைப் பதிவு செய்ய ஓர் அளவு நாடா, கட்டம் போட்ட காகிதம், கேமரா, ஒரு நாள் அவகாசம் போதும். கட்டடக்கலை மாணவர்கள் இருவர் செய்துவிடலாம். தரைப்படம், குறுக்கு வெட்டு, மரப் பொருத்துகள், மாடு கட்டிய முளை. அதோடு வீட்டில் மூத்தவரைக் கேட்டு, ஒவ்வொரு மூலைக்கும் அவர்கள் வழங்கிய பெயரையும் எழுதிக்கொள்ள வேண்டும். 1970இல் அப்பாவோடு வயலில் இறங்கிய பையன்களுக்கு இப்போது வயது எழுபதைத் தொட்டுவிட்டது.