குளிருக்கு அடுப்பு உண்டு, புகைக்கு வழி?

உடப்புசல்லாவையில் ஜனவரி இரவில் ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்றால் சிரிப்பார்கள். கம்பளிக்குள்ளும் உடம்பு நடுங்கும். அதனால் சமையல் முடிந்தும் லயத்துக் காம்பராவில் அடுப்பு அணைவதில்லை. கவ்வாத்து மலையில் பொறுக்கிச் சுமந்துவந்த மிலாறு கனன்றுகொண்டே இருக்கும்.

கூரைத் தகரத்தில் கரியாகப் படியும் புகைதான் நெஞ்சிலும் படிகிறது. இழுப்பு, தீராத இருமல், பிள்ளைகளுக்கு நிமோனியா. வீட்டுக்குள் சேரும் புகையால் 2020இல் உலகில் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கிறது.

புகை அடங்கிய பிறகு வருவது இன்னும் மோசம். சிவந்த தணல் விடும் காபனோரொட்சைட்டுக்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் ஒட்சிசனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். பச்சைப்பிள்ளைக்குக் குளிருமே என்று தணலைச் சட்டியில் அள்ளிப் படுக்கையருகே வைத்து, கதவிடுக்கில் சாக்கை அடைத்துவிட்டுத் தூங்காதீர்கள். வீட்டில் பலருக்கு ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல், மயக்கம் வந்தால் தடிமன் என்று கஷாயம் வைக்க வேண்டாம். எல்லாரையும் வெளியே கொண்டுவந்து 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள், கட்டணமில்லை.

இதையெல்லாம் சொல்லி, குற்றத்தை அடுப்பூதும் பெண்ணின் தலையில் போட்டுவிடுவது எளிது. வெள்ளைக்காரன் காலத்துத் துரை பங்களாவில் கணப்பும் உண்டு, புகைபோக்கியும் உண்டு. லயத்தைக் கட்டியவர்களுக்கு அந்த வித்தை தெரியாமலா போயிற்று? இரு பானை வைக்கும் ‘அனகி’ களிமண் அடுப்பு விறகை மிச்சப்படுத்தும். ஆனால் புகைபோக்கியின் வேலையை அது செய்யாது. புகைபோக்கி வைக்கச் சுவரை உடைக்கலாம் என்றால், லயம் தோட்டத்துச் சொத்து, துரையின் அனுமதி வேண்டும்.

ஆகவே கேட்க வேண்டியதும் துரையிடம்தான். லயங்களையும் சுற்றுப்புறத்தையும் சுகாதாரமாக வைத்திருப்பது தோட்ட அத்தியட்சகரான துரையின் கடமை என்று 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டமே சொல்கிறது. லயத்துக்காரர் எல்லாரும் கையெழுத்திட்டு, புகைபோக்கி கேட்டு ஒரே கடிதமாகக் கொடுங்கள். பிரதியில் திகதியிட்டு ஒப்பம் வாங்குங்கள். அசைவில்லையென்றால் அந்தப் பிரதியோடு பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் போங்கள்.

லயத்தை விட்டுப் போகப் புதிய வீட்டுக்குப் பெயர் பதிந்து காத்திருப்பவர்கள், பட்டியலில் தம் இடம் எது என்று 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பிரதேச செயலகத்தில் கேட்கலாம். தகவல் தருவது பற்றிய தீர்மானத்தை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். தமிழிலேயே எழுதுங்கள், அதுவும் உங்கள் உரிமை.